கதவுக்கு அந்தப் பக்கம் என் வீடு

குக்கர் ஏழாவது விசில் அடித்தபோது நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அறைக் கதவு சாத்தியிருந்தது.

பருப்புக்கு மூன்று விசில் போதும். நாலாவதுக்கே "அடுப்ப அணைங்க!" என்று குரல் கொடுத்தேன். ஐந்தாவதுக்கு இன்னும் சத்தமாக. ஆறாவதுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"எந்தப் பக்கம் திருப்போணும்?" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து இவர் கேட்டார்.

இவர் என்றால் என் கணவர் குமரேசன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் வயரிங் வேலை. ஒரு லாரியின் முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை ஓடுகிற வயர்களில் எது எந்த நிறம், எங்கே போய்ச் சேரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டிலிருக்கும் அடுப்பை எந்தப் பக்கம் திருப்பினால் அணையும் என்று அன்றுவரை அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வந்ததில்லை. நான் இருந்தேன்.

எட்டாவது விசில் வரவில்லை. அப்பாடா, அணைத்துவிட்டார் என்று தலையணையில் சாய்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கு வழியாகத் தீய்ந்த வாசம் வந்தது. குக்கரில் தண்ணீர் வற்றிப்போய்த்தான் விசில் நின்றிருக்கிறது.

எங்கிருந்து வந்தது?

சென்ற வாரம் இந்தத் தொடரில், நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கதை எங்கும் போய்விடாது. இந்தப் பத்து நாளைச் சொல்லாமல் அதைத் தொடர மனம் வரவில்லை.

மூத்தவள் ஹரிணி ஆறாவதும் சின்னவள் மித்ரா ஒன்றாவதும் படித்த வருஷம் அது. பங்குனி வெயில். ஆண்டுப் பரீட்சைக்குச் சில நாட்களே இருந்தன. எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சலும் உடம்பு வலியும். மூன்றாம் நாள் காலையில் கண்ணாடி முன்னால் நிறுத்தி மித்ராவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவள்தான் கண்ணாடியில் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, உன்ற கழுத்துல கொசு கடிச்சிருக்குது. மூணு கொசு."

கொசு இல்லை. மத்தியானத்துக்குள் மூன்று முப்பதாகிவிட்டது.

டாக்டர் தள்ளி நின்று பார்த்துவிட்டு அம்மை என்றார். பெரியவர்களுக்கு வந்தால் கொஞ்சம் கூடுதலாகவே படுத்தும் என்றார். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சின்னதிலேயே தடுப்பூசி போட்டிருந்ததால் பள்ளிக்கூடம் போகலாம், ஆனால் கொப்புளம் காய்ந்து உதிரும்வரை என்னருகில் வரக்கூடாது. இவருக்குச் சிறுவயதிலேயே வந்து போய்விட்டது. புருவத்துக்கு மேலே ஒரு தழும்புகூட இருக்கிறது. ஆகவே அறைக்குள் வந்து போகும் உரிமை இவருக்கு மட்டும்.

பக்கத்து வீட்டு சாந்தி அக்கா கேட்டுக்கு வெளியே நின்று, "ஏனுங் கோமதி, அம்மா வார்த்திருக்குதாமா?" என்று கேட்டுவிட்டு, தன் வீட்டு முன்னாலிருந்த வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தார். இவர் அதை நிலைவாசலில் செருகினார். அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல இவர் தலையாட்டியது அறைக்குள்ளிருந்தே எனக்குத் தெரிந்தது. தாளிக்கக் கூடாது. வறுக்கக் கூடாது. கறி மீன் கூடாது. முட்டையும் கூடாது.

"முட்டையுங்களா?" என்று இவர் கேட்ட கேள்வியில் இருந்த திகிலை என்னால் மறக்க முடியாது. தன்னால் சமைத்துவிட முடியும் என்று இவர் நம்பியிருந்த ஒரே பண்டம் முட்டைதான்.

மித்ராவின் சந்தேகம் வேறு. அவள் கூடத்தில் நின்று அக்காளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா வந்திருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அம்மா இங்கதான இருந்துச்சு? எங்கிருந்து வந்துச்சு?"

ஹரிணி அவளை அதட்டினாள். "பேசாம இருடீ" என்றாள்.

சாயங்காலம் எருமப்பட்டியிலிருந்து என் அண்ணி போன் செய்தாள். "கொழந்தைக ரெண்டையும் இங்க அனுப்பி உட்ரு கோமதி. உன்ற ஊட்டுக்காரருக்கு சுடுதண்ணி வெக்கத் தெரியுமா?" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பரீட்சை நேரத்துல எதுக்கு அங்கயும் இங்கயும்? நாங்க பாத்துக்கறோம்."

பட்டறைக்குப் புது லாரி ஒன்று வந்து நின்றால் எப்படிச் சொல்வாரோ அந்த மாதிரி சொன்னார். காலையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு நிதானமாக வேலைக்குப் போவதென்றும், ஆறு மணிக்குத் திரும்பிவிடுவதென்றும் முதலாளியிடம் கேட்டு வாங்கிவிட்டார்.

ஈரம் பார்த்த கை

கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னாலிருந்தே நான் ஒரு கோழித் தீவன ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். லாரியில் வந்து இறங்குகிற மக்காச்சோளத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. மூட்டையில் கையைவிட்டு ஒரு பிடி அள்ளி மெஷினில் போட்டால் அது சொல்லிவிடும். ஆறே மாதத்தில் எனக்கு மெஷின் தேவைப்படாமல் போனது. கையை விட்டதுமே தெரியும், இது ஈரம், இது காய்ந்தது, இது மேலே மட்டும் காய்ந்தது என்று.

ஹரிணி பிறந்ததும் வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. அவளோடு இருக்கப் பிடித்திருந்தது, இருந்துவிட்டேன். "படிச்சுட்டு வீட்டுல இருக்கறது கஷ்டமா இல்லையா?" என்று கேட்பவர்கள் என் முகத்தில் ஒரு சோகக் கதையைத் தேடுவார்கள். சில நாட்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். பெரும்பாலும் இல்லை. எல்லோரும் போன பிறகு பத்தரை மணிக்கு வீட்டில் ஒரு அமைதி வரும் பாருங்கள். காயப்போட்ட துணியின் சோப்பு வாசமும், ஊறுகிற உளுந்தும், அடுத்த தெருவில் பழைய பேப்பர்காரர் குரலும். அது எனக்குப் பிடிக்கும்.

மக்காச்சோளத்தைத் தெரிந்துகொண்ட மாதிரியே வீட்டையும் கையாலும் காதாலும் தெரிந்து வைத்திருந்தேன். எந்தக் குழாய் சொட்டுகிறது, எந்த இருமல் சளி, எந்த இருமல் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட என்று பார்க்காமலே சொல்வேன். அதனால்தான் அந்த அறையில் என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காதுக்கு எல்லாம் தெரிந்தது.

எனக்கு இது இரண்டாம் முறை என்று எருமப்பட்டியில் இருக்கிற என் அண்ணன் சாதிப்பான். சின்ன வயதில் இருவருக்கும் சேர்ந்து வந்ததாம். ஒரே பாயில் படுத்துக்கொண்டு யாருக்கு எத்தனை கொப்புளம் என்று எண்ணினோமாம், அவன்தான் ஜெயித்தானாம். அது வேர்க்குரு என்பது என் கட்சி. டாக்டரும் என் கட்சிதான். அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கத்தி நடத்திய குடித்தனம்

முதல் இரண்டு நாளும் கதவுக்கு உள்ளிருந்தே குடித்தனம் நடத்தினேன்.

"ஹரிணி, தண்ணி பாட்டில் எடுத்துட்டியா?"

"ஏனுங்க, பால்காரருக்குப் பாத்திரம் வெச்சாச்சா?"

"மித்ராவுக்கு ரெட்டைச் சடை பின்னோணும். இல்லாட்டி மிஸ் திட்டுவாங்க!"

இந்தக் கடைசி உத்தரவு பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். இவர் சடை பின்னிவிட்டார், நம்ப மாட்டீர்கள், வயர்களை முறுக்குகிற கை என்பதால் நன்றாகவே பின்னினார். ஆனால் ரப்பர் பேண்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. என்னைக் கேட்டால் மறுபடி கத்துவேன் என்று பயந்து, வயர்களைச் சேர்த்துக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையைத் தன் வேலைப் பையிலிருந்து எடுத்து இரண்டு சடையிலும் இழுத்துப் பூட்டிவிட்டார். ஒரு தடவை இழுத்தால் இழுத்ததுதான், அவிழ்க்க முடியாது. சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்ததும் ஹரிணி போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

"அப்பா! இது லாரியா, புள்ளையா?"

கட்டிங் பிளேயர் வைத்துத்தான் வெட்டி எடுத்தார்கள். மித்ராவுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. அவள் வகுப்பில் வேறு யாருக்கும் அப்படி ஒரு சடை இல்லையாம்.

மூன்றாம் நாள் ராத்திரி இவர் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கம்போல உடனே போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கோமதி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"நீ உள்ள இருந்து சொல்லச் சொல்ல, புள்ளைங்க ரெண்டும் எங்கிட்ட எதையுமே கேக்கறதில்ல. நான் யோசிச்சு ஒண்ணு சொல்றதுக்குள்ள நீ சொல்லிப் போடறே. கொஞ்ச நாளைக்கு சும்மா இரு. தப்பாச் செஞ்சாலும் நாங்களே செஞ்சுக்கறோம்."

எனக்குச் சுருக்கென்றது. உடம்பெல்லாம் கொப்புளத்தோடு கிடக்கிறவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது என்று நினைத்தேன். "செரீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். பருப்பில் உப்பு இல்லை என்பதைக்கூடச் சொல்லவில்லை. அதுதான் என் கோபம்.

என் குரல் கேட்டது

மறுநாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அரிப்பைப் பொறுத்துக்கொள்வதைவிட அது கஷ்டமாக இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு யாரோ மறந்து போவார்கள். தண்ணீர் வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்கும். போர்வையை வாயில் வைத்துக்கொள்வேன். கடைசியில் யாராவது ஓடிவந்து மூடுவார்கள். உலகம் ஒன்றும் முழுகிப்போகவில்லை.

பேசாமல் இருந்தபோதுதான் மற்றதெல்லாம் காதில் விழ ஆரம்பித்தது.

சாயங்காலத்தில் மித்ராவை உட்கார வைத்து இவர் பாடம் படிக்க வைப்பார். அவள் எழுத்துக்கூட்டி, ஒரு வரியில் நாலு இடத்தில் நின்று, விட்ட இடத்தை மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். நானாக இருந்தால் அந்த வார்த்தையை நானே சொல்லி நகர்த்திவிடுவேன், அடுப்பில் ஏதாவது இருக்கும். இவர் காத்திருந்தார். அவள் மூன்றாம் தடவை சரியாகப் படித்து முடித்ததும், "செரி, அந்த நரி அப்பறம் என்ன பண்ணுச்சாம்?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் போலக் கேட்டார். ஒருநாள் பட்டறையிலிருந்து ஒரு பழைய பல்பும் பாட்டரியும் கொண்டுவந்து, லாரி திரும்பும்போது விளக்கு எப்படி மினுக்குகிறது என்று இருவருக்கும் செய்து காட்டினார். மூவரும் மாறி மாறி "லெப்ட்டு, ரைட்டு" என்று கத்திச் சிரித்தார்கள். இந்த மனிதரோடு பன்னிரண்டு வருஷம் இருந்திருக்கிறேன், இவருக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்க வரும் என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் கேட்டேன். ஒருநாள் காலை, வேன் வருகிற நேரம்.

"எத்தன தடவ சொல்றது உனக்கு? காதுல வாங்கவே மாட்டியா? எல்லாத்துக்கும் நான் வந்து நிக்கோணுமா?"

யார் பேசுவது என்று ஒரு நொடி திகைத்துவிட்டேன். ஹரிணிதான். ஆனால் வார்த்தை என்னுடையது. "எல்லாத்துக்கும்" என்பதில் கொடுக்கிற இழுப்புகூட என்னுடையது.

"அம்மா மாதிரியே கத்தாத" என்றாள் மித்ரா.

"நான் கத்தல. சொல்றேன்."

அதுவும் என்னுடையதேதான். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் உதட்டோரக் கொப்புளம் உடைந்து எரிந்தது. எரிச்சல் அடங்கிய பிறகு அவ்வளவாகச் சிரிக்கத் தோன்றவில்லை.

துவைக்கிற கல்

அம்மை கண்ட வீடு என்று தெரிந்தும் அன்பு மிகுதியில் உள்ளே வந்து எட்டிப்பார்க்கிறவர்கள் இருந்தார்கள். அதனால் இவர் வேலைக்குப் போகும்போது முன்பக்கத்து வராந்தாவின் கிரில் கேட்டை வெளியே பூட்டிவிட்டுப் போவார். ஒரு சாவி இவரிடம். இன்னொன்று ஹரிணியின் பையில். நாலு மணிக்கு வேனில் இருவரும் வந்து இறங்கித் திறந்துகொள்வார்கள்.

ஆறாம் நாள் நாலு மணிக்கு வேன் வந்து போகிற சத்தம் கேட்டது. பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்கவில்லை. கிரில்லை யாரோ ஆட்டினார்கள்.

"அம்மா!"

மித்ரா மட்டும். அன்று ஹரிணிக்குப் பரீட்சைக்கான தனி வகுப்பு, ஐந்தேகாலுக்குத்தான் வருவாள். சாவியைத் தங்கையிடம் கொடுக்க மறந்துவிட்டாள்.

கட்டிலிலிருந்து எழுந்தேன். எழுந்து எங்கே போவது? கூடத்துக்குப் போனாலும் வெளிப்பூட்டைத் திறக்க முடியாது. இவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. லாரி கேபினுக்குள் குனிந்து வேலை செய்தால் இவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. சாந்தி அக்கா அன்று காலையில்தான் எடப்பாடியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார். திரும்பவும் இவருக்கு. திரும்பவும். அதற்குள் வெளியே வெளிச்சம் மங்கியது. காற்று அடித்து, மண்வாசம் வந்து, பொட்டுப் பொட்டென்று கோடை மழை ஆரம்பித்துவிட்டது.

என் அறை ஜன்னல் வீட்டுக்குப் பக்கவாட்டில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய சந்துப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே துணி துவைக்கிற கல். மேலே அகலமான சன்ஷேடு.

"மித்ரா! சாமி! சந்து வழியா இங்க வா. ஜன்னல்கிட்ட வா!" என்று கத்தினேன். இத்தனை நாள் சேர்த்து வைத்த குரலையெல்லாம் செலவழித்தேன்.

ஓடி வந்தாள். நெற்றியில் முடி ஈரமாக ஒட்டியிருந்தது. ஆறு நாளாகப் பார்க்காத முகம். கொசுவலைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அழப்போகிறவள் போல வாயைக் கோணினாள். பிறகு அழ மறந்து உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, நீ புள்ளி புள்ளியா இருக்கே."

"ஆமா சாமி. கிட்ட வராத. அந்தக் கல்லு மேல ஏறி உக்காந்துக்கோ. அங்க நனையாது. அக்கா இப்ப வந்துரும்."

"எப்ப?"

"கொஞ்ச நேரத்துல."

உட்கார்ந்தாள். புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஜன்னலைவிட்டு நகரவும் முடியவில்லை, வலையைப் பிரித்து அவள் தலையைத் துவட்டவும் முடியவில்லை. ஒரு துண்டைக்கூட வெளியே கொடுக்க முடியாது, இந்த அறைத் துணி எதுவும் அவள்மேல் படக்கூடாது. இடி இடித்தது. அவளுக்கு இடியென்றால் பயம். பேச்சுக் கொடுத்தேன்.

"பசிக்குதா?"

"பசிக்குது."

"டிபன் பாக்ஸுல எதாச்சும் மிச்சம் இருக்குதா?"

"இருக்குது. தயிர் சோறு. அப்பா ரொம்ப எச்சா வெச்சுட்டாரு."

"புளிச்சிருக்குமே?"

திறந்து மோந்து பார்த்தாள். "கொஞ்சூண்டுதான்."

ஸ்பூனை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு பருக்கை சிந்தவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் ஸ்பூனின் அடிப்பக்கத்தை டப்பா ஓரத்தில் வழித்துக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஏனென்றால் வீட்டில் அவள் ஒரு வாய்கூடத் தானாகச் சாப்பிட மாட்டாள். ஆறு வயது முடிந்தும் நான்தான் ஊட்ட வேண்டும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக இருப்பாள். அதட்டியும் பார்த்திருக்கிறேன், கெஞ்சியும் பார்த்திருக்கிறேன். அறைக்குள் வந்த நாளிலிருந்து என் பெரிய கவலையே இவளுக்கு யார் ஊட்டுவார்கள் என்பதுதான். இவர் ஊட்டுகிறார் போல என்று நினைத்து, கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன்.

"ஏஞ்சாமி, இப்பிடி சாப்பிட யாரு சொல்லிக் குடுத்தாங்க? அப்பாவா?"

"யாருமில்ல. ஸ்கூல்ல நாந்தான சாப்படறேன். எல்.கே.ஜி-ல இருந்தே."

அட, ஆமாம். மூன்று வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் யார் ஊட்டியிருப்பார்கள்? எனக்கு அது தோன்றியதே இல்லை.

"அப்பறம் ஊட்டுல மட்டும் ஏன் என்னைய ஊட்டி உடச் சொல்றே?"

வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். என்ன இவ்வளவு சின்ன விஷயத்தைக் கேட்கிறாள் என்பது மாதிரி என்னைப் பார்த்தாள்.

"ஊட்டி உட்டாத்தான் நீ உக்காருவே."

சொல்லிவிட்டு அடுத்த ஸ்பூனை எடுத்தாள்.

அழுதுவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் பொய். அழவில்லை. அப்படியே நின்றேன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. என் ஒரு நாளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். காலையில் எழுந்ததிலிருந்து நான் எங்கே உட்கார்கிறேன்? காய் நறுக்குவது நின்றுகொண்டு. துணி மடிப்பது நின்றுகொண்டு. பிள்ளைகள் பேசுவதைக் கேட்பது நடந்துகொண்டு, "ம், ம், சொல்லு, கேக்குது" என்று. மத்தியானம் தனியாகச் சாப்பிடும்போது உட்காருவேன், அப்போது பார்க்க அவர்கள் இருப்பதில்லை. தட்டும் கையுமாக அவள் எதிரே உட்கார்ந்தால்தான் அரைமணி நேரம் நகர மாட்டேன். அந்த அரைமணி நேரத்தை அவள் எத்தனை வருஷமாகப் பிடித்து வைத்திருக்கிறாள்!

கட்டிலை ஜன்னலோரமாக இழுத்தேன். அதன்மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இப்போது இருவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"சொல்லு. இன்னிக்கு என்னாச்சு?"

அவ்வளவுதான், கொட்டிவிட்டாள். பக்கத்தில் உட்காருகிற பிள்ளையின் அழிரப்பரில் ஸ்ட்ராபெர்ரி வாசம் வருவது, அதை ஒருத்தன் கடித்துப் பார்த்தது. மிஸ்ஸுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பது. தன் முன்பல் மூன்று நாளாக ஆடுவது. வலைக்கு அருகே வாயைத் திறந்து நாக்கால் தள்ளிக் காட்டினாள். மூன்று நாளாக ஒரு பல் ஆடியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அதில்கூட எனக்கு அந்த நேரம் வருத்தம் வரவில்லை. இப்போது தெரிந்துவிட்டதே என்றிருந்தது. மழை சன்ஷேடிலிருந்து திரையாக விழுந்தது. இன்னொரு இடி இடித்தபோது அவள் கதையை நிறுத்தவே இல்லை, குரலை மட்டும் உயர்த்திக்கொண்டாள்.

ஐந்து மணி வாக்கில் போன் அடித்தது. இவர்தான், பதறிப்போய்.

"பதினோரு தடவ கூப்ட்ருக்கியே! என்னாச்சு? இப்பவே வாரேன், வந்துட்டே இருக்கேன்."

நடந்ததைச் சொன்னேன்.

"அய்யோ, புள்ள மழையில நிக்குதா?"

"நிக்கல, உக்காந்திருக்குது. நனையலீங்க. நாங்க பேசிட்டிருக்கறோம். நீங்க மெதுவா வாங்க, அவசரமில்ல."

நான் 'அவசரமில்லை' என்று சொல்லி அவர் கேட்டதே கிடையாது. காய்ச்சல் ஏறிவிட்டதோ என்று பயந்துபோய் வண்டியை வேகமாக ஓட்டி வந்ததாகப் பிறகு சொன்னார்.

அவருக்கு முன்னால் ஹரிணி வந்துவிட்டாள். மித்ரா பூட்டைத் திறந்திருப்பாள் என்று நினைத்து வந்தவள், கேட்டருகே தங்கையின் செருப்பைப் பார்த்துச் சந்துக்கு ஓடி வந்தாள். தொப்பலாக நனைந்திருந்தாள். என்ன நடந்திருக்கிறது என்று புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"சாவி... எம்பையிலயே இருந்துருச்சும்மா. மறந்துட்டேன். நெஜமா மறந்துட்டேன்."

சொல்லிவிட்டு நின்றாள், என்னிடமிருந்து வரப்போவதை எதிர்பார்த்து. எனக்கே தெரியும் என்ன வரும் என்று. 'எல்லாத்துக்கும்' என்று ஆரம்பிக்கும்.

"பரவால்ல கண்ணு. போய் ரெண்டு பேரும் தலையத் தொவட்டுங்க" என்றேன்.

அவள் நகரவில்லை. இவ்வளவுதானா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் அழ ஆரம்பித்தாள். மித்ரா கல்லிலிருந்து இறங்கி, "அழாதக்கா, நாங்க ஜாலியாத்தான் இருந்தோம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் தண்ணீர்

இரண்டு தண்ணீர் ஊற்றி முடித்து, பத்தாம் நாள் மூன்றாம் தண்ணீர். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைச் சாந்தி அக்கா என் தலையில் ஊற்றினார். அறைத் துணியையெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போட்டாயிற்று. புதுச் சேலை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். சொந்த வீட்டுக்குள் விருந்தாளியாக வந்த மாதிரி இருந்தது.

சமையலறையில் எல்லாம் இடம் மாறியிருந்தது. டப்பாக்களின் மேல் இவர் பட்டறை மார்க்கரால் பெயர் எழுதி வைத்திருந்தார். உப்பு. துவரம் பருப்பு. ஒரு டப்பாவில், சோம்பு அல்லது சீரகம். வரிசையாக மாற்றி அடுக்கக் கை பரபரத்தது. மித்ரா வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பத்து நாள் பாக்கியை ஒரேயடியாகத் தீர்ப்பவள் போல விடவே இல்லை. பல் விழுந்துவிட்டிருந்தது.

அன்று சாயங்காலம் இவர்தான் சமைத்தார். நான் எழுந்து போனபோதெல்லாம், "நீ உக்காரு, இன்னிக்கு ஒரு நாளு" என்றார். சோறு, ரசம், முதல்முறையாகத் தாளித்த பொரியல். தாளிக்கலாம் என்று ஆகிவிட்டதில் அளவுக்கு மேல் கடுகு போட்டிருந்தார். கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தோம்.

மித்ரா தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். தட்டை என் பக்கம் நீட்டினாள்.

"நீயே சாப்பிடு சாமி" என்றேன். "நான் எங்கயும் போகல."

நம்பாமல் பார்த்தாள். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி நான் இருக்கிறேனா என்று பார்த்தாள். இருந்தேன். இன்னொரு வாய். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு, ஸ்ட்ராபெர்ரி ரப்பரைக் கடித்தவனுக்கு அப்புறம் என்ன ஆனது என்று சொல்ல ஆரம்பித்தாள். அது நீளமான கதை. நடுவில் அவளே சிரித்துக்கொண்டதால் இன்னும் நீண்டது. என் சாப்பாடு முடிந்து கை காய்ந்துவிட்டது. நான் நகரவில்லை.

ஹரிணி தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து என்னைப் பார்த்தாள். போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி பார்த்தாள். கடைசியில் கவலையோடு கேட்டாள்.

"ஏம்மா, உனக்கு இன்னும் ஒடம்பு சரியாகலியா? இப்பிடியே உக்காந்துட்டிருக்கே?"

"எல்லாம் சரியாயிருச்சு கண்ணு. நீயும் இப்பிடி வந்து உக்காரு."

உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. இவர் ஓடினார்.